பம்ப் ஓடுகிறது, தண்ணீர் குறையவில்லை

படகுத் தொழிலில் இரண்டு தண்ணீர் உண்டு: படகுக்கு வெளியே இருப்பது ஒன்று, உள்ளே இருப்பது இன்னொன்று. வெளியே இருப்பதைப் பார்க்க மெட்ராஸிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருவார்கள். உள்ளே இருப்பதைப் பார்க்க என்னை விட்டால் ஆள் கிடையாது.

நான் செங்கல்பட்டில் கான்வென்ட்டில் படித்தவள். நீச்சல் தெரியாது. கல்யாணமாகி வந்தது கோவளத்துக்கு. என் வீட்டுக்காரர் சேகர் அப்போதுதான் மீன்பிடிக்கப் போவதை விட்டுவிட்டு, ஒரு பழைய பைபர் படகை வாங்கி, உள்ளே பெஞ்சு அடித்து, மேலே தார்ப்பாய் கட்டி, ஊருக்குப் பின்னால் இருக்கும் உப்பங்கழியில் சுற்றிப்பார்க்க வருபவர்களை ஏற்றிப் போக ஆரம்பித்திருந்தார். கழி என்றால் குளம் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். முகத்துவாரத்துப் பக்கம் போனால் கடல் இழுக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் போகச் சொல்வார்கள். என் வேலை, போனில் பேசுவது, ஏறுகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிடுவது, பிறகு கைக்குழந்தையோடு கரையில் நின்று பயப்படுவது. இந்தக் கடைசி வேலைக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும்.

ரிப்பேர்காரர் வந்தால் மட்டும் ஒழுங்காக ஓடும் மிக்ஸியும், விருந்தாளி வந்தால் மட்டும் ஒழுகும் குழாயும் வைத்திருக்கும் சகோதரிகளே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். என் மகள் யாழினி தூங்கிவிட்டாள். அவள் அப்பாவும் தூங்கிவிட்டார். பயமில்லாதவர்களுக்குத் தூக்கம் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

பம்புக்கு நான் டாக்டரான கதை

எந்தப் படகிலும் கொஞ்சம் தண்ணீர் சேரத்தான் செய்யும். அலை தெறிக்கும், மழை பெய்யும், ஏறுகிறவர்கள் காலோடு கொண்டுவருவார்கள். அதெல்லாம் படகின் அடிப்பள்ளத்தில் போய் நிற்கும். முன்பெல்லாம் இவர் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவால் அள்ளி வெளியே ஊற்றுவார். ஏற்றிப்போகிறவர்கள் முன்னால் டப்பாவும் கையுமாக நிற்பது நன்றாக இல்லை என்று, மெக்கானிக் பாஷா பாயைப் பிடித்து ஒரு சின்ன கரண்ட் பம்ப் வைத்தார். அது அடிப்பள்ளத்திலேயே உட்கார்ந்திருக்கும். தண்ணீர் ஏறினால் கூடவே ஒரு மிதவை எழும்பும், பம்ப் பாட்டரியில் தானாக ஓடும். தண்ணீர் இறங்கினால் தானாக நிற்கும். உறிஞ்சிய தண்ணீர் ஒரு ஓஸ் வழியாக மேலே ஏறி, படகின் விளிம்புக்குக் கீழே போட்ட ஓட்டை வழியாக வெளியே விழும். இவ்வளவுதான் ஏற்பாடு.

பம்போடு ஒரு இங்கிலீஷ் காகிதம் வந்தது. வீட்டில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால், பம்புக்கு என்ன வந்தாலும் நான்தான் பார்க்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். வயரை இதோடு சேர், அதோடு சேராதே, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வை. படகுக்கு எட்டும் இடத்தில் குழந்தைகள் இருந்தால் என்ன செய்வது என்று அதில் இல்லை. நான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை என் மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, கான்வென்ட்டு என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னா கான்வென்ட்டு, அத்தினி வருசம் படிச்சிட்டு ஒரு பம்ப்பு இன்னா சொல்துன்னு தெர்லியா?" என்றார்.

பெயர் எழுதிய நாள்

யாழினிக்கு ஆறு மாதம் ஆனபோது அவள் பெயரைப் படகுக்கு வைத்தார் இவர். பெயிண்டர் கணேசன் வந்து, கரையைப் பார்த்த பக்கத்தில் சிவப்பும் மஞ்சளுமாக எழுதினார். இந்தக் கரையில் லாரிக்கும் படகுக்கும் கல்யாண போர்டுக்கும் அவர்தான். 'யா' பெரிசாக, 'னி' கொக்கியோடு, நடுவில் 'ழி'. அந்த ழியின் சுழியை மட்டும் கீழே நன்றாக இறக்கி, தூண்டில் முள் மாதிரி வளைத்துவிட்டார். ஊரில் பாதிப் பேர் அவளை யாயினி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்தச் சுழியைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம்.

பெயிண்ட் காய்வதற்குள் பம்ப் ஓடியது. விளிம்புக்குக் கீழே இருந்த ஓட்டையிலிருந்து எண்ணெயும் சேறுமாகத் தண்ணீர் வழிந்து, நேராக என் மகள் பெயர் மேலேயே இறங்கியது. இவர் முகம் சுண்டிவிட்டது. கணேசனுக்கு அதைவிடக் கோபம். பாப்பா பெயருக்காகவா அவருடைய எழுத்துக்காகவா என்பது தெரியவில்லை. அன்றைக்கே மேல் ஓட்டையைப் பைபர் ஒட்டி அடைத்தார்கள். பெயருக்குக் கீழே, ழியின் சுழி முடிகிற இடத்தில், புதிதாக ஓட்டை போட்டார்கள். ஓஸை அளவாக வெட்டி, வளைவில்லாமல் நேராக அதில் கொடுத்தார்கள். மிச்ச ஓஸ் துண்டு எங்கள் வீட்டில் துணி காய வைக்கப் பயன்பட்டது. புது ஓட்டையிலிருந்து தண்ணீர் சலசலவென்று கழியில் விழுந்தது. பெயர் பளபளவென்று இருந்தது.

பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே கணேசன் சொன்னார்: "மச்சான், பொம்பளப்புள்ள பேரு மேல சாக்கட ஊத்தலாமாடா? இப்ப பாரு, தண்ணி எங்கியோ போவுது, பேரு ஜம்முனு கீது!"

கால் நனைக்கும் வசதி

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா டவுன்ஷிப்பில் வேலை. அம்மா, இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த சித்தப்பா, சித்தி, சித்தியின் தங்கை. கூடவே புளிசாதம் கட்டிய ஒரு பெரிய அடுக்கு. படகு நிறைந்துவிட்டது. நான் மிதவைச் சட்டை மாட்டிவிட்டு, வழக்கம்போல் யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றேன்.

திரும்பி வந்தபோது பின் பெஞ்சில் இருந்தவர்களின் செருப்பெல்லாம் மடியில் இருந்தது. கால் வைக்கும் பலகைக்கு மேல் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. பம்ப் ஓடவில்லையா என்றேன். ஓடிக்கொண்டேதான் இருந்தது என்றார் இவர். ஓடும், நிற்கும், உடனே மறுபடி ஓடும். அப்படியானால் தண்ணீர் ஏன் குறையவில்லை? "அல தெறிச்சிருக்கும்" என்றார். அன்றைக்குக் கழியில் காக்கை குளித்தால்கூட அலை தெரியும், அவ்வளவு அமைதி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று அந்தக் குடும்பத்து அம்மாவிடம் போனேன். அவர் புடவைக் கரையைப் பிழிந்துகொண்டே சிரித்தார்.

"படகுக்குள்ளயே கால் நனைக்கிற வசதி இருக்குன்னு நீங்க போன்ல சொல்லவே இல்லையேம்மா!"

பாஷா பாய் வந்தார், தண்ணீர் வரவில்லை

மறுநாள் பாஷா பாய் வந்தார். படகு காலியாகக் கரையோரம் நின்றது. உள்ளே பலகையைத் தூக்கிப் பார்த்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் ஏதோ கற்பனையில் கூப்பிட்டதுபோல் ஆகிவிட்டது. "நேத்து இவ்வளவு இருந்தது பாய்" என்று என் கணுக்காலைத் தொட்டுக் காட்டினேன். அவர் என் கணுக்காலையும் பார்க்கவில்லை, என்னையும் நம்பவில்லை. ஒரு பக்கெட் தண்ணீரை உள்ளே ஊற்றினார். மிதவை எழும்பியது. பம்ப் உர்ரென்றது. ழிக்குக் கீழே தண்ணீர் பீய்ச்சி அடித்தது. உள்ளே காய்ந்துவிட்டது. இன்னொரு பக்கெட். அதுவும் போனது.

இதைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன் சகோதரிகளே. டாக்டர் வீட்டு வாசல்படி ஏறினதும் காய்ச்சல் விட்டுவிடுகிற குழந்தை மாதிரி, பாஷா பாயின் சைக்கிள் மணி கேட்டாலே அந்தப் பம்ப் நல்ல பிள்ளையாகிவிடும். அடுத்த ஞாயிறு மறுபடி தண்ணீர். திங்கள் மறுபடி பாய். மறுபடி ஒன்றும் இல்லை. மூன்றாவது முறை அவர் கருவிப் பையைத் திறக்கவே இல்லை.

"பம்ப்புக்கு ஒரு நோவும் இல்ல தங்கச்சி" என்றார். "பயம்னு ஒரு மோட்டாரு உன்னாண்ட ஓடிக்கினே கீது பாரு, அத்த மொதல்ல ஆஃப் பண்ணு."

ஓட்டை தேடிய நாள்

பம்ப் நல்ல பம்ப் என்றால் படகில்தான் ஓட்டை இருக்க வேண்டும். இது எனக்கும் புரிந்தது, இவருக்கும் புரிந்தது. ஆளைப் பிடித்து, படகை மணலில் இழுத்துப் போட்டு, கட்டை வைத்து நிறுத்தினோம். வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வருகிற வழி தெரியவில்லை என்றால், உள்ளே தண்ணீர் ஊற்றி வெளியே வருகிற வழியைப் பார்ப்பது கரையில் உள்ள வழக்கம். பாட்டரியைக் கழற்றிவிட்டு, கழியிலிருந்து மோட்டார் வைத்துப் படகுக்குள் தண்ணீர் விட்டார்கள். எல்லோரும் குனிந்து குனிந்து சுற்றி வந்தோம். நான் யாழினியோடு சுற்றினேன். அடியில் ஒரு கசிவும் இல்லை. ஒட்டிய இடங்கள் எல்லாம் கருவாடு மாதிரி காய்ந்து இருந்தன.

உள்ளே பாதி உயரத்துக்குமேல் தண்ணீர் ஏறியதும், ழியின் சுழிக்குக் கீழிருந்து ஒரு தாரையாக ஒழுகியது. "இதோ! இதோ வருது!" என்று கத்திவிட்டேன். ஓடி வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், இவர் உட்பட. அது பம்பின் ஓட்டை. தண்ணீர் போவதற்கென்றே போட்ட வழி. அதில் போகாமல் வேறு எதில் போகும்? இவர் ஒரு கந்தல் துணியைச் சுருட்டி அந்த ஓட்டையில் அடைத்துவிட்டு, "இப்ப ஒயுங்கா தேடலாம்" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் மனசில் ஏதோ இடறிக்கொண்டே இருந்தது. என்னவென்று எனக்கே தெரியவில்லை. தெரியாததை எப்படிச் சொல்வது?

பாஷா பாய் மட்டும் சிரிப்பை நிறுத்த முடியாமல் சொன்னார்: "வூட்டு வாசக்கதவக் காட்டி இதான் திருடன்னு கத்துறியேம்மா!"

எலுமிச்சம்பழமும் மிளகாயும்

ஓட்டையும் இல்லை, பம்பும் பழுதில்லை என்றால் திருஷ்டியாகத்தான் இருக்க வேண்டும் என்றார் என் மாமியார். பெயர் அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறதே, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிறார்களே. எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்து, பின் பெஞ்சுக்கு மேலே கட்டினார். வெயிலில் அது வாடி, அழுகி, ஒருநாள் அறுந்து நேராக அடிப்பள்ளத்தில் விழுந்தது. பழம் மிதந்தது. மிளகாய்கள் பம்பின் அடியில் இருந்த சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டன. பம்ப் உர்ரென்று கத்தியதே தவிர, ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

பாஷா பாய் ஒவ்வொரு மிளகாயாக எடுத்து வரிசையாகப் பெஞ்சு மேல் வைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். கண்டுபிடித்தாகிவிட்டது! இத்தனை நாளும் குப்பைதான் அடைத்திருக்கிறது! இவர் சல்லடையைச் சுற்றிக் கொசுவலைத் துணி கட்டினார். அந்த வாரம் முழுக்க நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது, கூட்டம் வந்தது, கூடவே தண்ணீரும் வந்தது. மிளகாய் விழுவதற்கு முன்பே தண்ணீர் இருந்ததே என்பது அப்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது.

என் மாமியார் அசரவில்லை. "அந்தக் காரத்துக்கே போவலன்னா, எத்தினி பெரிய கண்ணுன்னு பாத்துக்க!" என்றார்.

பிரியாணி டப்பா

மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பையன்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். பாட்டு, கூச்சல், பிரியாணி. முகத்துவாரம் வரைக்கும் போகணும் என்றார்கள். படகு கரையை விட்டுப் போகும்போது, அந்தப் பம்புத் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். காலிப் படகென்றால் அந்தச் சலசலப்பு கரை வரைக்கும் கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை. பாட்டுச் சத்தத்தில் எங்கே கேட்கும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

திரும்பி வருகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லோரும் குனிந்து குனிந்து எழுந்து ஆடுகிறார்கள். குடித்துவிட்டார்களோ என்று எரிச்சலாக இருந்தது. கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, ஆளுக்கொரு பிரியாணி டப்பாவால் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பம்ப் ஓய்வே இல்லாமல் ஓடி ஓடி, முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் பாட்டரி செத்துவிட்டது. அதற்குப் பிறகு தண்ணீர் விடுவிடுவென்று ஏறியிருக்கிறது. பின்பக்க விளிம்புக்கும் கழிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. இவர் முகத்தில் ரத்தமே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இடுப்பில் இருந்த குழந்தையை மணலில் உட்கார வைத்துவிட்டேன். "இனிமே போகாதீங்க" என்றேன். "பாட்டரிதான் பழசு, மாத்திட்டா சரியாப்பூடும்" என்றார். போகாவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தப் பையன்களில் ஒருவன் டப்பாவைக் கழுவிக்கொண்டே என்னைச் சமாதானப்படுத்தினான்: "விடுங்கக்கா, ஆபீஸ்லயும் நாங்க இதையேதான் பண்றோம். எங்கேருந்து வருதுன்னு கேக்க மாட்டோம், அள்ளி அள்ளி வெளிய ஊத்துவோம்."

முதல் பிறந்தநாள்

யாழினியின் முதல் பிறந்தநாளுக்கு, அவளை அவள் பெயர் எழுதிய படகிலேயே ஏற்றி, கழியைச் சுற்றி வர வேண்டும் என்று இவருக்கு ஆசை. புது பாட்டரி போட்டாகிவிட்டது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. நான் வேண்டாம் என்றேன். கோயிலுக்குப் போகலாம், கேக் வெட்டலாம், மகாபலிபுரம் போய் யானைச் சிற்பத்தைக் காட்டலாம் என்றேன். கடல்காரன் மகளுக்குத் தண்ணியில் பயமா என்று கேட்டுச் சிரித்தார்கள். என் மாமியாரின் அண்ணன், பெரிய மாமா, முதலில் ஏறினார். அவர் ஏறினாலே படகு ஒரு முறை வணக்கம் சொல்லும். பிறகு அத்தைகள், நாத்தனார், அவர் வீட்டுக்காரர், கேசரிப் பாத்திரம். இவர் இன்ஜின் பக்கத்தில் நின்று கையை நீட்டினார்: "பாப்பாவக் குடு."

குழந்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. தினமும் காலையில் காலிப் படகுக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறங்கி நின்று, அவள் விரலைப் பிடித்து எழுத்து மேல் ஓட்டி, "யா... ழி... னி..." என்று காட்டுவேன். ழியின் சுழி வந்ததும் அவள் என் கையை உதறிவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் பம்ப் ஓட்டையில் விரலை விட்டுக்கொண்டு சிரிப்பாள். பெயரைவிட அவளுக்கு ஓட்டைதான் பிடிக்கும். அன்றைக்கும், கொடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் கடத்தலாம் என்று, முழங்கால் தண்ணீரில் நின்று எழுத்தைக் காட்டினேன். "யா" என்றேன். "ழி" என்றேன். அவள் குனிந்து தேடினாள். விரல் தண்ணீரில் பட்டது. மறுபடி தேடினாள். உதடு பிதுங்கியது. ஓட்டையைக் காணோம்.

யாரோ அடைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் ழியின் சுழியையும் காணோம். அதை யார் அழித்திருப்பார்கள்? ஒன்றும் விளங்காமல் தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினேன். ஓட்டை அங்கேதான் இருந்தது, தண்ணீருக்கு அடியில். விரலை வைத்தேன். என் விரலை அது உள்ளே இழுத்தது. பதறி எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். இழுத்தது. படகுக்குள் பம்ப் உர்ரென்றது, உடனே தண்ணீர் என் விரலை வெளியே தள்ளியது. பம்ப் நின்றது. மறுபடி உள்ளே இழுத்தது. வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே. கூட்டம் ஏறினால் படகு தாழ்கிறது. படகு தாழ்ந்தால் ஓட்டை முழுகுகிறது. பம்ப் வெளியே தள்ளிய அதே வழியில், அது நின்றதும், கழி உள்ளே வருகிறது. காலிப் படகில் பாஷா பாய் எத்தனை பக்கெட் ஊற்றினால் என்ன தெரியும்? படகுக்குள் இருக்கிறவர்களுக்கு வெளிப்பக்கம் எப்படித் தெரியும்? கரையில் நின்று பயந்துகொண்டிருந்த எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். நானும் ஆளைப் பார்த்தேனே தவிர எழுத்தைப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் இவ்வளவு ஒழுங்காக அப்போது சொல்லவில்லை. "உள்ள இழுக்குது, விரலை உள்ள இழுக்குது" என்று உளறினேன். எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. பாட்டரி செத்த அன்றைக்கு இருந்த அதே முகத்தோடு தண்ணீரில் குதித்து, என் கை இருந்த இடத்தில் தன் விரலை வைத்தார். பம்ப் ஒரு முறை ஓடி நிற்கும்வரை விரலை எடுக்கவில்லை. பிறகு நிமிராமலே, "எல்லாம் எறங்குங்க" என்றார். பெரிய மாமா முதலில் இறங்கினார். ழியின் சுழி பாதி தெரிந்தது. அத்தைகள் இறங்கினார்கள். நாத்தனார் இறங்கினார். ஓட்டை தண்ணீருக்கு மேலே எழும்பி வந்தது, பம்ப் ஓடியது, சலசலவென்று என் மேலும் குழந்தை மேலும் அடித்தது. யாழினிக்கு அன்றைக்குக் கிடைத்த பரிசுகளில் அதுதான் ரொம்பப் பிடித்தது.

கேசரிப் பாத்திரத்தை இறக்கிக்கொண்டே என் மாமியார் சொன்னார்: "அப்ப கண்ணு படல. எங்க அண்ணன் ஒக்காந்ததுதான் பட்டிருக்கு!"

வாசல் கதவு

பாஷா பாய் வந்து கீழ் ஓட்டையை அடைத்தார். மேல் ஓட்டையைத் திறந்தார். புது ஓஸை விளிம்பு வரைக்கும் தூக்கி, ஒரு வளைவு கொடுத்து, அந்த வளைவின் வழியாகத் தண்ணீரை வெளியே விட்டார். அந்த வளைவு எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கும், உள்ளே திரும்பி வர முடியாது என்று விளக்கினார். இந்த முறை பக்கெட்டில் ஊற்றிப் பார்க்கவில்லை. பெரிய மாமாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்த்தார். வேலை முடிந்ததும் என் பக்கம் திரும்பாமல், கருவிப் பையிடம் பேசுவதுபோல் சொன்னார்: "வாசக்கதவுதாம்மா திருடன். நம்ம தொழில்ல இத்த யாராண்டயும் சொல்லிக்காத."

அடுத்த ஞாயிறு படகு நிறையக் கூட்டம். பலகைக்கு மேல் ஒரு ஈரமும் இல்லை. ஆனால் என் மகள் பெயர் மேல், 'யா'வில் ஆரம்பித்து 'னி'யின் கொக்கி வரைக்கும், கறுப்புக் கறுப்பாக எண்ணெய்க் கோடு. அந்த வழியாகப் போன பெயிண்டர் கணேசன் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இவர் நடந்ததைச் சொன்னார். கணேசன் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எழுத்தில்லாத மறுபக்கத்தைத் தட்டிப் பார்த்தார்.

"ஓட்டைய அந்தாண்ட பக்கம் மேலயே போட்டிருந்தா பேரும் கெடாது, தண்ணியும் வராதே மச்சான்!" என்றார். "எனக்கு அப்பவே தோணுச்சு!"

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது, பாஷா பாயைக் கூப்பிட்டு மாற்றிவிடலாம் என்றார், நான்தான் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்; தண்ணீர் மறுபக்கம் விழுந்தால் கரையில் நிற்கிற எனக்குத் தெரியாது, என் மகள் பெயர் மேல் சாக்கடை ஊற்றிக்கொண்டே இருக்கிற வரைக்கும் அவள் அப்பா மிதந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.